நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் பிறந்த இசை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, நம் பிரார்த்தனைக் கூடத்துப் போதகர் ஐயா அவர்களே, நகரத்துப் பெரிய இசைக்குழுவின் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உட்கார இடம் கிடைக்காமல் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும் சலவைப் பிரிவு, சமையல் பிரிவு, துப்புரவுப் பிரிவுத் தோழர்களே, செவிலியர் சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் பாய்லர் அறையிலிருந்து என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மருத்துவமனையின் நிலவறையில் இருபத்தேழு ஆண்டுகள் பாய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஓட்டி ஓட்டி என் பெயரே பாய்லர் ஆகிவிட்டது. கோபம் வந்தால் என் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை இது. அதனால் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். காது வலிப்பவர்கள் கை தூக்குங்கள், குறைத்துக்கொள்கிறேன்.

நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? இசையமைப்பாளர், இசை நடத்துநர், பாடகர் குழுவின் நிறுவனர் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் முப்பத்தோரு ஆண்டுகள் அவர் இங்கே பார்த்த வேலை என்ன? லிஃப்ட் ஓட்டினார்! ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இழுத்து மூடும் கம்பிக் கதவை இழுத்து மூடி, "மேலேயா, கீழேயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு நானூறு முறையாவது கேட்டிருப்பார். நமக்கு அவர் லிஃப்ட் அக்கா. வேறெந்தப் பட்டத்தைச் சொன்னாலும் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், மன்னிக்க வேண்டும்.

அவர் பதினேழு வயதில் இசைக் கல்லூரியில் இடம் வாங்கியவர். இது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. சேர வேண்டிய மாதத்தில் அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டில் வேறு யாரும் சம்பாதிக்கவில்லை. அப்பாவைச் சேர்த்திருந்த இந்த மருத்துவமனையிலேயே லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். ஒரு வருடம் ஓட்டிவிட்டு, அடுத்த வருடம் கல்லூரிக்குப் போய்விடலாம் என்று நினைத்தாராம். அப்பா பதினான்கு வருடம் படுக்கையில் இருந்தார்.

நான் ஒருமுறை கேட்டேன், "வருத்தமா இல்லையா அக்கா?" என்று.

"இருந்துச்சு. நல்லா அழுதேன். அப்புறம் பாத்தா, பாட்டு என்னை விட்டுட்டுப் போகல. காலேஜ்தான் போயிருச்சு. சரி, வந்தவங்களைக் கவனிப்போம்னு உக்காந்துட்டேன்."

நண்பர்களே, அந்த லிஃப்டுக்குள் அவர் எப்படி இசை எழுதினார் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேனா ரீஃபில்களை வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார். ஒரே இழுப்பில் தாளில் ஐந்து கோடு விழும். இசைக் குறிப்பு எழுதும் தாள் தயார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையே நான்கு ஸ்வரம் எழுதுவார். கதவு திறந்ததும் தாளை முக்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "மேலேயா, கீழேயா?" என்பார். எத்தனையோ பேர் அந்தப் பாட்டின் பக்கத்திலேயே நின்று பயணம் செய்திருக்கிறார்கள், தெரியாமல்!

அது என்ன தாள் என்று கேளுங்கள். ஊரில் எந்த இசைப் போட்டி அறிவித்தாலும் அக்கா தன் பாட்டை அனுப்பிவிடுவார். 'வருந்துகிறோம்' என்று கடிதம் வரும். பத்தொன்பது முறை அனுப்பினார், பத்தொன்பது கடிதம் வந்தது. அந்தக் கடிதங்களின் பின்பக்கத்தில்தான் அடுத்த பாட்டை எழுதினார். "எவ்வளவு நல்ல கெட்டித் தாள் பாரு பாய்லர்! மை ஊறவே மாட்டேங்குது. பாவம், நல்ல மனசுக்காரங்க" என்பார். கேலி இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்தார். என்னால் முடியுமா? உங்களால் முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் மனிதர்கள் எங்கே அழுவார்கள்? வார்டில் அழ முடியாது, நோயாளி பார்ப்பார். வெளியே அழ முடியாது, உறவினர் பார்ப்பார்கள். லிஃப்டில் அழுவார்கள். கதவு மூடியதும் உடைந்துபோவார்கள். அக்கா அப்போது என்ன செய்வார் தெரியுமா? இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்திவிடுவார். ஒன்றும் பேச மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும் சத்தம் கேட்ட பிறகு மெல்லக் கைப்பிடியைத் திருப்புவார். இது விதிக்கு விரோதம். இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறார். தலைமை மருத்துவர் அவர்களே, நீங்கள் பயிற்சி மருத்துவராக இருந்தபோது உங்களுக்காகவும் ஒருநாள் நிறுத்தினார் என்று கேள்வி. தலையை ஆட்டுகிறீர்கள். போதும், மேற்கொண்டு கேட்க மாட்டேன்.

அந்த அழுகையெல்லாம் எங்கே போயிற்று? வீணாகப் போகவில்லை. அவருடைய இசையில் திடீரென்று எல்லாக் குரல்களும் நின்று, ஒரு மௌனம் வரும். மூன்று எண்ணிக்கை, நான்கு எண்ணிக்கை. புதிதாகக் கேட்பவர்கள் பாட்டு முடிந்துவிட்டது என்று கை தட்டிவிடுவார்கள். முடிந்திருக்காது. யாரோ அழுது முடிக்க அக்கா காத்திருக்கிறார்!

பாடகர் குழுவுக்கு வருகிறேன். தரைத்தளத்துப் பிரார்த்தனைக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை என்று அக்கா கையால் எழுதி ஒட்டினார். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் போட்ட சத்தம் குழாய் வழியாக என் அறைக்கு இறங்கி வந்தது. ஏதோ வால்வு கசிகிறது என்று நினைத்து ஸ்பேனரோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் எக்ஸ்ரே அறைத் தம்பி பாடிக்கொண்டிருக்கிறான்!

"என்ன இங்க சத்தம்? நான் பாய்லர் வெடிக்கப் போகுதுன்னு ஓடி வர்றேன்!" என்று கத்தினேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "இன்னொரு தடவை கத்து" என்றார்.

"என்னது?"

"அதே மாதிரி கத்துப்பா. பேஸ்னு அடிக்குரலுக்கு ஆள் இல்லாம மூணு வாரமா ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இன்றும் அப்படித்தான். போதகர் ஐயா என்னை மன்னிப்பார், அவருக்குப் பழகிவிட்டது. அதை அன்றே அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒரு தாளை என் கையில் கொடுத்து நிற்கும் இடத்தைக் காட்டினார்.

வீட்டில் போய்ச் சொன்னேன், லிஃப்ட் அக்காதான் எங்களுக்குக் கண்டக்டர் என்று. என் அம்மா, "லிஃப்டுக்குமா இப்ப டிக்கெட் குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

அக்கா எனக்கு முதலில் கொடுத்த பாட்டு ஒரு சின்னப் பிரார்த்தனை. சொல்லும் அவருடையது, இசையும் அவருடையது. மேல் குரல்கள் எல்லாம் சேர்ந்து, "இருக்கிறேன் என்றாயே, இருக்கிறாயா?" என்று கடவுளைக் கேட்கும். மூன்று முறை கேட்ட பிறகு, கீழே பேஸ் குரல் ஒரே ஒரு சொல்லைப் பாட வேண்டும். "இருக்கிறேன்."

"அக்கா, எனக்கே நம்பிக்கை இல்ல. கடவுளோட பதிலை எங்கிட்டயா குடுக்கறீங்க?"

"உனக்குத்தான் குரல் அவ்வளவு கீழ போகுது, நான் என்ன பண்றது? நம்பறது என் வேலை. பாடறது உன் வேலை. ஆளுக்கு ஒண்ணு பாத்துக்குவோம்."

மருத்துவமனை ஆண்டு விழாவில் அந்தப் பாட்டை அரங்கேற்றினோம். அரங்கேற்றினோம் என்று பெருமையாகச் சொல்கிறேன், உண்மையில் கவிழ்ந்தோம். இரண்டாம் வரியில் பெண்கள் ஒரு பக்கம் போனார்கள், எக்ஸ்ரே தம்பி ஒரு பக்கம் போனான், நான் எங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. அக்கா கையை இறக்கினார். சபையைப் பார்த்துத் திரும்பி, "மன்னிக்கணும், இந்தப் பாட்டு நல்ல பாட்டு. முதல்ல இருந்து பாடறோம்" என்றார். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி கவிழ்ந்தோம். மறுபடியும் திரும்பினார், அதே குரலில் அதே வார்த்தை. மூன்றாம் முறை கவிழ்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான்காம் முறை பாடி முடித்தோம். நன்றாகப் பாடினோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வியர்த்து விறுவிறுத்து நின்ற அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இவள் சாதாரணப் பெண் இல்லை என்ற பயம்.

இனி நான் சொல்லப்போவதை நேரில் அனுபவித்தவர்கள் இந்த அரங்கத்தில் பதினைந்து பேராவது இருப்பார்கள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

ஒருநாள் பகல் பதினொரு மணி. மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு வந்தது, மின்விசிறி சுற்றியது. லிஃப்ட் மட்டும் அசையவில்லை. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே அக்கா, ஒரு வார்டு உதவியாளர், ஸ்ட்ரெச்சரில் ஒரு தச்சர். அவருக்கு இதய அறுவை சிகிச்சை, ஐந்தாம் மாடியில் மருத்துவர்கள் தயாராக நிற்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும்.

தச்சருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. "என்னை இறக்கி விடுங்க, நான் நடந்தே போறேன்" என்று ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறார். மேலே கம்பிக் கதவு வழியாக மருத்துவர் கத்துகிறார், "அவரை அமைதியா வச்சிருங்க! எப்படியாவது அமைதியா வச்சிருங்க!" எப்படி வைத்திருப்பது? மருந்துப் பெட்டி ஐந்தாம் மாடியில், மருந்தைக் கொடுக்க வேண்டிய கையும் ஐந்தாம் மாடியில்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். அந்த வார்டு உதவியாளர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தாராம். பிறகு தச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாராம். "இருக்கிறேன் என்றாயே, இருக்கிறாயா?"

நம்மைக் கவிழ்த்த அதே பாட்டு!

நான் எங்கே இருந்தேன்? நிலவறையில், லிஃப்ட் குழிக்கு அடுத்த அறையில். பம்புகளுக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது, அவை நின்றிருந்தன. இருபத்தேழு ஆண்டுகளில் அந்த அறை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் கேட்டதில்லை. அந்த நிசப்தத்தில், தலைக்கு மேலே ஐந்து மாடி உயரத்திலிருந்து, கிணற்றுக்குள் விழுவதுபோல அந்தக் குரல் இறங்கி வந்தது.

முதல் முறை கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது அக்காவோடு இன்னொரு குரல் சேர்ந்திருந்தது. மூன்றாம் மாடியில் குழந்தைகள் வார்டுச் செவிலி, கையில் பால் புட்டியோடு கம்பிக் கதவருகே நின்று பாடுகிறார். மூன்றாம் முறை, இரண்டாம் மாடியிலிருந்து எக்ஸ்ரே தம்பி. முதல் மாடியிலிருந்து சலவைப் பெண்கள் இருவர். ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒவ்வொரு குரல், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒருவரையொருவர் பார்க்காமலே!

மூன்று முறை கேட்டாகிவிட்டது. இனி யார் பாட வேண்டும்? நான்! என் கையில் ஸ்பேனர், உடம்பெல்லாம் கரி. லிஃப்ட் குழியின் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினேன். மேலே பார்த்தால் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துப் பாடினேன்.

"இருக்கிறேன்."

நண்பர்களே, அந்தச் சொல் என் வாயிலிருந்து கிளம்பியது எனக்குத் தெரியும். ஆனால் அது மேலே போனபோது என் குரலாக இல்லை. அந்தச் சுரங்கம் அதை வாங்கிப் பெரிதாக்கி ஏழு மாடிக்கும் கொண்டுபோயிற்று.  நம்பிக்கை இல்லாதவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்!

எழுபது நிமிடம் பாடினோம். முன்னால் நின்று கை அசைக்க ஆள் இல்லை. அக்கா லிஃப்டின் சுவரில் சாவியால் தட்டினார். அந்தத் தட்டல் எல்லா மாடிக்கும் கேட்டது. ஒரு தட்டலுக்கும் நாங்கள் தவறவில்லை. ஆண்டு விழாவில் பத்தடி தூரத்தில் நின்று அவர் கையைப் பார்த்துப் பாடியும் கவிழ்ந்தவர்கள், அவரைப் பார்க்கவே முடியாதபோது தவறவில்லை! வேலை செய்தவர்கள் நின்றார்கள், நோயாளிகள் படுக்கையிலிருந்து எழுந்து வந்து கம்பிக் கதவுகளருகே நின்றார்கள். மெக்கானிக் வந்து லிஃப்டை அசைத்தபோது தச்சரின் நாடி சீராக இருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடி நடந்தது. அவர் அதற்குப் பிறகு பதினாறு வருடம் வாழ்ந்தார்.

பாட்டால் அவர் பிழைத்தார் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அன்று மாலை லிஃப்ட் அக்கா என்னிடம் வந்து, மூச்சு வாங்க, "பாய்லர், கேட்டியா? எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரே இடத்துல நின்னு பாடறதுக்கு இல்ல என் பாட்டு. அடுக்கடுக்கா நிக்கணும். கடவுள் எனக்குக் கட்டடத்தையே வாத்தியமா குடுத்திருக்காரு. நான் இத்தனை வருஷமா அதுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு, வாத்தியம் எங்கேன்னு தேடிட்டிருந்தேன்!" என்றார். அவர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்று தொடங்கியதுதான் 'மேலே' என்ற அந்தப் பெரிய படைப்பு. ஏழு பகுதி, ஏழு மாடி. எழுதி முடிக்க ஒன்பது வருடம் ஆயிற்று. நடுவில் நிர்வாகம் புதிய லிஃப்ட் போட்டது. பொத்தானை அமுக்கினால் தானே போகும், ஆள் வேண்டாம். அக்காவைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள், போர்வை எண்ணி அடுக்க. நாங்கள் கொதித்தோம், மனு எழுதப் போனோம். அக்கா தடுத்துவிட்டார். ஆனால் அந்த வாரம் ஒருநாள் காலியான பழைய லிஃப்டுக்குள் அவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். "மேல இருக்கறவரு என்னதான் நினைக்கிறாருன்னு சில நேரம் தெரியல பாய்லர்" என்றார். அவ்வளவுதான். அவருடைய நம்பிக்கை ஆட்டம் கண்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் குழுவின் முன்னால் நின்றார். கணவர் பழைய சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து அவருக்குத் தாளம் காட்டும் கருவி ஒன்று செய்து கொடுத்தார். அது கொஞ்சம் முந்தி ஓடும். கடிகாரம் பழுது பார்ப்பவர் செய்தது முந்தி ஓடலாமா என்று கிண்டல் செய்வோம். "அவ அவசரக்காரி, அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சேன்" என்பார் அண்ணன்.

பிறகு இதோ மேடையில் இருக்கும் இசைக்குழுத் தலைவர் வந்தார். தன் மனைவியின் சிகிச்சைக்காக வந்தவர், படிக்கட்டு நெடுக நின்று நாங்கள் ஒத்திகை பார்த்ததைக் கேட்டார். இரண்டாம் மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் கழித்து, நகரத்துப் பெரிய அரங்கில் 'மேலே'யை நிகழ்த்த விரும்புவதாகக் கடிதம் வந்தது. எண்பது பேர் கொண்ட தேர்ந்த குழு. பாடப்போவதும் தேர்ந்த பாடகர்கள். எங்களில் ஒருவருக்கும் இடமில்லை.

அக்கா சம்மதித்தார்.

இதை மறைத்துப் பேச நான் வரவில்லை. அன்று நான் பேசிய பேச்சு இன்றும் என்னைச் சுடுகிறது. சலவை அறையில், எல்லோர் முன்னாலும் கத்தினேன். "எங்களை வச்சுப் பழகிட்டு, பேரு வர்ற நேரத்துல ஆளை மாத்திட்டீங்க! நாங்க என்ன, நீங்க எண்ணி வைக்கிற போர்வையா?"

அக்கா கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தார். "நான் உங்களை விட்டுட்டுப் போகல பாய்லர். இந்தப் பாட்டு என்னை விட்டுட்டுப் போகுது. அதைப் போக விடணும்ல? நம்ம கூடவே வச்சிருந்தா அது நம்ம கூடவே செத்துரும்."

நான் கேட்கவில்லை. எட்டு மாதம் ஒத்திகைக்குப் போகவில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த எட்டு மாதத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

நிகழ்ச்சிக்கும் கோபத்தோடுதான் போனேன். கடைசி வரிசை. சரியாக வராது, நான் சிரிக்க வேண்டும் என்று போனேன். திரை விலகியது. நடத்த வேண்டிய இசைக்குழுத் தலைவர் வந்தார், வணங்கினார், மேடையை விட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்! அந்த இடத்துக்கு அக்கா வந்தார். சலவைப் பிரிவில் போடும் அதே தட்டைச் செருப்போடு. முந்தைய வாரம் ஒத்திகையில் ஒரு பகுதியை மட்டும் விளக்கிக் காட்டச் சொல்லி அக்காவை மேலே அழைத்தாராம். அவர் கை அசைத்த ஐந்தாவது நிமிடத்தில் இசை நடத்தும் தன் கோலை அவரிடமே கொடுத்துவிட்டு, "இனிமே நீங்கதான்" என்றாராம். ஐயா, இத்தனை பேர் முன்னால் உங்களுக்கு நன்றி சொல்கிறேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்!

அக்கா கையை உயர்த்தினார். வலது கை நடுங்கியது. பின்னால் அவரை முடக்கிய நடுக்க நோய் அப்போதே தொடங்கியிருந்தது, எங்களுக்குச் சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்தது.

அதை நான் எப்படிச் சொல்வேன்? இருபது வருடமாக நாங்கள் பாடியது அதே பாட்டைத்தான். ஆனால் அக்காவின் தலைக்குள் ஓடியது என்ன என்பதை அன்றுதான் கேட்டேன். எங்கள் ஓட்டைக் குரல்களுக்கு நடுவே இதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா? இதைக் கேட்டுக்கொண்டேதான், "நல்லா இருக்கு, இன்னொரு தடவை" என்று எங்களிடம் சிரித்தாரா? மேல் மாடத்தில் உச்சக் குரல் சோப்ரானோக்கள், நடு மாடத்தில் இடைக் குரல்களான ஆல்டோவும் டெனரும், மேடைக்குக் கீழே கண்ணில் படாமல் பேஸ். ஏழாம் பகுதியில் அந்தப் பழைய கேள்வி வந்தது. மூன்று முறை. கீழேயிருந்து பதில் எழுந்தது. ஆயிரத்து இருநூறு பேர் இருந்த அரங்கில் ஒரு இருமல் இல்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் நிகழ்ச்சித் தாளை வைத்திருந்தார். அதில் பாடும் பகுதிகளின் பெயர்கள் இருந்தன. செவிலி. எக்ஸ்ரே. சலவை ஒன்று, சலவை இரண்டு. கடைசியில், பாய்லர். அந்தப் பெயர்களை மாற்றக்கூடாது என்பது ஒன்றுதான் அக்கா விதித்த நிபந்தனையாம். ஒத்திகை முழுவதும் தேர்ந்த பாடகர்களை, "பாய்லர், இன்னும் கொஞ்சம் மெதுவா", "சலவை ரெண்டு, முந்தாதீங்க" என்றே கூப்பிட்டார்களாம். அந்தப் பாட்டு போகிற ஊரிலெல்லாம் என் தொழில் போகிறது. நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்துப் பெரியவர் கைக்குட்டை கொடுத்தார்.

பின்வாசலில் காத்திருந்தேன். கைப்பையோடு வந்தார். என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை வருவியா?"

"வர்றேன் அக்கா."

"தொண்டையைப் பாத்துக்கோ. பனியில நிக்காத."

அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதன் பிறகு பதினோரு வருடம். புகழ் வந்தது. அக்கா செவ்வாய்க்கிழமையை விடவில்லை. கை நடுக்கம் முற்றியபோது, தாளம் எது நடுக்கம் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் கையைக் கீழே போட்டுவிட்டார். "கையைப் பாக்காதீங்க. அது இப்ப தன் பாட்டுக்கு ஏதோ நடத்திட்டிருக்கு. என் மூச்சைப் பாருங்க" என்றார். பார்த்தோம். அந்தச் சின்ன நெஞ்சு உயர்ந்தால் நாற்பது நெஞ்சு உயரும், அது நின்றால் நாற்பதும் நிற்கும். அவர் கையே இல்லாமல் எங்களை நடத்தினார்! கடைசி இரண்டு வருடம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நடத்தினார். இதை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக நான் வீட்டுக்குப் போனபோது மகள்தான் அவர் பேச்சை எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் தெளிவாகக் கேட்டது.

"குழுவை நீ பாத்துக்கோ."

"எனக்கா? அக்கா, எனக்கு ஜெபம்கூடத் தெரியாது. நம்பிக்கை உள்ளவங்க எத்தனை பேர் இருக்காங்க!"

அவர் சிரித்தார். மகளின் காதில் ஏதோ சொன்னார். மகள் சொன்னாள், "நம்பிக்கை உள்ளவங்க, நான் போனதும் ஆறுதலாயிடுவாங்களாம். நீங்கதான் ஆறுதல் இல்லாம சரியா நாலு மணிக்கு வந்து நிப்பீங்களாம்."

என்ன பெண்மணி! சாகும்போதும் ஆளைச் சரியாக எடை போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் உயிர் பிரிந்தது. சனிக்கிழமை அடக்கம் செய்தோம். செவ்வாய்க்கிழமை ஒத்திகை உண்டா இல்லையா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலு மணிக்கு முப்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தோம், முன்னால் யாருமில்லை. கால் மணி நேரம் போயிற்று. நான் எழுந்தேன். என் வரிசையை விட்டு நடந்து முன்னால் போய்த் திரும்பினேன். அத்தனை முகங்களையும் அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமும் அவர் பார்த்தது இதைத்தானா! பயந்துபோய், எதையோ எதிர்பார்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற இந்த முகங்களையா! இவற்றைப் பார்த்த பிறகு ஒருவரால் எப்படி வீட்டிலேயே இருந்துவிட முடியும்?

மோசமாக நடத்தினேன். மூன்று இடத்தில் தாளம் விட்டேன். இரண்டு முறை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினோம். ஆனால் முடித்தோம்.

அக்கா, உங்களுக்குக் கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் என்று நம்புகிறவர்கள் இந்த அரங்கம் நிறைய இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் வேலையை நான் சொல்கிறேன். நீங்கள் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளில் நாங்கள் பாடியது நாற்பதுதான். மீதியை உங்கள் மகள் ஒரு துணிப்பெட்டி நிறைய எடுத்து என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் பாடுவோம். ஒன்றையும் விட மாட்டோம்.

தோழர்களே, வருகிற செவ்வாய்க்கிழமை, நாலு மணி, தரைத்தளத்துப் பிரார்த்தனைக் கூடம். நான் முன்னால் போய்விட்டதால் பேஸ் வரிசையில் ஓரிடம் காலியாக இருக்கிறது. இங்கே குரல் தாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள். பாடத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.